பாலத்தில் கசிந்த பாட்டு

போன மாதம் நீங்கள் நால்வரும் வீட்டுக்கு வந்தபோது லேப்டாப்பைத் திறந்து ஒரு பாட்டு வெளியீட்டுத் திட்டத்தைக் காட்டினீர்கள். பச்சைக் கட்டம், மஞ்சள் கட்டம், சிவப்புக் கட்டம். முதல் வாரம் முன்னோட்டம், இரண்டாம் வாரம் அட்டைப்படம், மூன்றாம் வாரம் வானொலி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் காலத்தில் மளிகைக்கடை கொடுத்த நாள்காட்டியில் பேனாவால் வட்டம் போடுவதோடு திட்டம் முடிந்துவிடும். "அக்கா, இதுல ஏதாச்சும் கொறை இருக்கா?" என்று கேட்டீர்கள். இல்லை என்று சொல்லி, கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகுதான் உறுத்தியது. கட்டம் எல்லாம் தலைகீழாகப் போகிற நாளில் என்ன செய்வது என்பதற்கு அதில் இடமே இல்லை. அந்த நாள் உங்களுக்கும் வரும். அதனால்தான் முட்டிவலியோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என் வேலையை எடுத்துக்கொண்டு நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அந்தப் பூக்கடைக்கு மேல் அறையில்தான் என் தொழில் முழுவதும் ஓடியது. கம்பெனி இல்லை, பெரிய ஸ்டூடியோ இல்லை, தெரிந்த ஆள் யாரும் இல்லை என்று வரும் நம் ஊர்ப் பாடகர்களின் பாட்டை எப்போது வெளியிடுவது, யார் காதில் முதலில் போடுவது என்று முடிவு செய்வது என் வேலை. நிறையத் தப்புச் செய்திருக்கிறேன். ஒரு தடவை தைப்பூசத்தன்று காதல் பாட்டை வெளியிட்டேன். பினாங்கில் பாதித் தமிழர்கள் தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் நிற்கிறார்கள், மீதிப் பேர் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிறார்கள். அந்தப் பாட்டை அன்று நானும் பாடகரின் அம்மாவும் மட்டும்தான் கேட்டோம். அந்த அம்மாகூட விரதம் என்று பாதியில் நிறுத்திவிட்டார். இதெல்லாம் சிரித்து மறக்கிற தப்பு. நான் சொல்லப் போவது அப்படி இல்லை.

பாட்டு தேறுமா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி இருந்தது. தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலிருந்து சாயங்காலம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடல் பாலம் தாண்டிப் பெருநிலத்துக்குப் போகும் பாக்டரி பஸ்ஸில் ஏறிவிடுவேன். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வரும் சனம். ஏறி உட்கார்ந்ததும் தலை தொங்கிவிடும். டிரைவரிடம் சொல்லி என் கைப்பேசியிலிருந்தே புதுப் பாட்டைப் போடுவேன். பாலம் தாண்டி முடிவதற்குள் நாலு தலையாவது நிமிர்ந்தால் பாட்டு பிழைக்கும். ஒரு தலையும் நிமிராவிட்டால் இசையமைப்பாளரிடம் போய், தம்பி இன்னும் கொஞ்சம் உழைக்கணும் என்று சொல்லிவிடுவேன். இந்தப் பரீட்சை என்னை ஏமாற்றியதே இல்லை. ஆனால் அதில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். பாட்டு என் கையை விட்டுப் போகக் கூடாது.

கோமதி என்னிடம் வந்தது இதைக் கேள்விப்பட்டுத்தான். பெருநிலத்தில் சுங்கை பாக்காப்காரி, முப்பத்து நாலு வயது. ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மூன்றாவது லைனில் சர்க்யூட் பலகைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அங்கே தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் கவசம். பக்கத்தில் நிற்பவளுக்குக்கூட அவள் கண் மட்டும்தான் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பாட்டை அவளே எழுதிப் பாடி வெளியிட்டிருந்தாள். வேலை இடத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்தாள். ஒருவரும் கேட்கவில்லை. கேண்டீனில் மட்டும் ஒரு வருடம் அவளை "ஸ்டார் வந்தாச்சு, நாற்காலி போடுங்க" என்று கிண்டல் செய்தார்கள். அந்தக் காயம் ஆறவே இல்லை.

"இந்த ஒரு பாட்டு மட்டும் போட்டுப் பாக்கறேங்க்கா. இதுவும் போவலன்னா விட்டுடறேன். ஆனா என் பேரு வேணாம், மொகம் வேணாம். யாருக்கும் தெரியக் கூடாது."

பாட்டைக் கேட்டேன். தினமும் கடலைத் தாண்டிப் போகிறேன், ஒரு நாளும் கால் நனைக்கவில்லை என்று ஒரு பெண் கடலோடு பேசுகிற பாட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'நிலா' என்று ஒரு புனைபெயர் வைத்தோம். யார் இந்த நிலா என்று ஊர் தேட வேண்டும், மர்மமே விளம்பரம் என்று நானாகக் கற்பனை செய்துகொண்டு குதித்தேன். ஒரு பெண் பயத்தில் ஒளிவதைப் போய் விளம்பர உத்தி என்று நினைத்தேனே, அந்தப் புத்தியை எதால் அடிக்க? அது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு இன்னும் மட்டமானது. பல்லவியும் முதல் சரணமும் மட்டும் பதிவாகியிருந்தபோது, தன்னுடைய பஸ்ஸிலேயே பரீட்சை வைக்கச் சொன்னாள் கோமதி. "நானும் உக்காந்திருப்பேன். ஒருத்தருக்கும் தெரியாது. என்ன சொல்றாங்கன்னு என் காதால கேக்கணும்," என்றாள். அன்று பார்த்து எனக்கு முட்டி வீங்கி, பஸ் படி ஏற முடியவில்லை. டிரைவர் மணியம் அண்ணனிடம் பாட்டைப் பென்டிரைவில் கொடுத்து, "ஒரு தடவை போட்டுட்டு நாளைக்குத் திருப்பிக் குடுங்கண்ணே," என்றேன். இத்தனை வருடம் காத்த கட்டுப்பாட்டை ஒரு முட்டிவலிக்காக விட்டேன்.

மணியம் அண்ணன் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. பாட்டு பிடித்துப்போய், போகும்போதும் வரும்போதும் போட்டிருக்கிறார். பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று சொல்வதற்கு ஒரு வாட்ஸப் குழு வைத்திருப்பார்கள் அல்லவா, அதில் யாரோ பாட்டைக் கேட்க, தாராள மனசோடு போட்டுவிட்டார். அங்கிருந்து அடுத்த பஸ், அடுத்த தொழிற்சாலை, அத்தை வீடு, மாமா வீடு.

எனக்குத் தெரிய வந்தது சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றின் லிப்டில். துணிக்கூடையோடு ஓர் அம்மா அந்தப் பல்லவியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வெளியீட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

"எங்க கேட்டீங்கம்மா இந்தப் பாட்ட?"

"ஏன், தெரியாதா? சென்னையில புதுசா ஒரு படம் வருதாமே, அந்தப் படத்துப் பாட்டுலா. நம்ம ஊர்ல யாரு இப்படிப் பாடுவா?"

உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள். பாட்டு நன்றாக இருந்தால் அது சென்னை, சுமாராக இருந்தால் அது நம் ஊர். இந்தக் கணக்கோடு நான் தொழில் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது நானே ஒரு பாட்டைப் பெயரில்லாமல் தெருவில் விட்டு, சென்னைக்குத் தாரை வார்த்துவிட்டேன்.

அடுத்த நாள் வானொலித் தயாரிப்பாளர் போனில் கூப்பிட்டார். முதல் ஒலிபரப்பு அவர்களுக்கே என்று பேசி வைத்திருந்தோம். "என்னாக்கா இது, எங்க ஆபீஸ் கூட்டற அக்காவே பாடறாங்க. இதுல என்னா முதல் ஒலிபரப்பு?" என்று சொல்லி விலகிக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. நாள்காட்டியில் என் வட்டங்கள் எல்லாம் அப்படியே இருந்தன, ஒன்றுக்கும் உதவாமல்.

அன்று மதிய இடைவேளையில் கோமதி கூப்பிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"பஸ்ல எல்லாரும் பாடறாங்கக்கா. சந்தோசமாத்தான் இருக்கு. பக்கத்துல உக்கார்ற சுமதி எனக்கே சொல்லிக் குடுக்குது. நான் சுருதி தப்பிப் பாடறேனாம்." பிறகு, "அது என் பாட்டுதானேக்கா?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னை அன்று முழுவதும் விடவில்லை. பணமும் போகவில்லை, பொருளும் போகவில்லை. அவள் எழுதி, அவள் பாடியது, அவள் காதுக்கு எதிரிலேயே வேறு யாருடையதாகவோ ஆகிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று வாரம் இப்படிப் போனால், நாங்கள் வெளியிடும் நாளில் அவள்தான் சென்னைப் பாட்டைத் திருடியவள் என்று சொல்வார்கள். அதற்கப்புறம் கோமதி வாயே திறக்க மாட்டாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் புத்தி முதலில் சொல்வதைக் கேட்காதீர்கள். என் புத்தி முதலில் சொன்னது, எல்லாவற்றையும் அழி என்று. எல்லாக் குழுவிலும் நீக்கச் சொல்வது, கண்ட இடத்தில் எல்லாம் புகார் கொடுப்பது, தேதியைத் தள்ளிப் போட்டு ஊர் மறக்கும் வரை காத்திருப்பது. ஒரு பாட்டைத் தானாகப் பாட ஆரம்பித்திருக்கும் சனத்திடம் போய் மறந்துவிடுங்கள் என்று கேட்கக் கிளம்பினேன் பாருங்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு நான் வாளியைத் தேடினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாயான் லெப்பாஸுக்குப் போய் அந்த பஸ்ஸில் ஏறினேன். ஏறுவதற்கு முன்னாலேயே கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன வேணா பேசுங்க. என் பேர மட்டும் சொல்லாதீங்க. சத்தியம் பண்ணுங்க," என்றாள். செய்து கொடுத்தேன். அவள் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரத்திலேயே ஜாம். முன்னால் எங்கேயோ ஒரு லோரி நின்றுவிட்டதாம். மணியம் அண்ணன் வழக்கம்போலப் பாட்டைப் போட்டார், நாற்பது பேரும் கூடப் பாடினார்கள். நான் எழுந்து போய் அதை நிறுத்தினேன்.

"இந்தப் பாட்டு இன்னும் வெளியாகல. தயவுசெஞ்சு எல்லாரும் கைப்பேசியிலேர்ந்து அழிச்சிடுங்க," என்றேன்.

நல்ல தூக்கத்தில் இருப்பவர்களின் போர்வையை இழுத்த மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டும் செல்வம் என்பவர் பின்னாலிருந்து எழுந்தார். "நீங்க யாருக்கா? சென்னைக்காரன் பாட்ட அழிக்கச் சொல்ல நீங்க யாரு?"

"இது சென்னைப் பாட்டு இல்ல தம்பி. நம்ம ஊருப் பாட்டு."

"நம்ம ஊருலயா? சும்மா லா. யாரு பாடினா, சொல்லுங்க பாப்போம்."

"அதான, பேரச் சொல்லுங்க," என்று நாலைந்து குரல்.

தம்பி தங்கைகளே, என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மைக்கைக் கொடுத்தால் திருப்பித் தர மாட்டேன் என்று என் காதுபடவே பேசியிருக்கிறீர்கள். பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. மூன்றாவது வரிசையைக் கை காட்டி, இதோ இவள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செல்வத்தின் முகத்தில் கரி பூசியிருக்கலாம். கோபத்தில் எனக்குக் காது சுட்டது. கோமதியைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் இறுகியிருந்தன. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. நான் சொன்னால் அது மறுபடியும் அந்தக் கேண்டீன்தான், மறுபடியும் ஸ்டார்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய காரியம் எது என்று கேட்டால், அந்தச் சில நிமிடம் பேசாமல் நின்றதைத்தான் சொல்வேன்.

"பாத்தீங்களா, பேரு இல்ல," என்று செல்வம் சிரித்தார்.

அப்போது நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பருத்த அக்கா, கேண்டீனில் வேலை செய்பவராம், பொறுமையாகச் சொன்னார். "செல்வம், எனக்கு ஒண்ணு புரியலலா. தெனமும் பஸ்ல கடலத் தாண்டிப் போறேன்னு பாடுது இந்தப் பொண்ணு. சென்னையில எந்தப் பாலம், எந்த பஸ்ஸு? இது நம்மளோட போய்ட்டு வர்ற யாரோதான்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கோமதி எழுந்தாள். எழுந்தவள் யாரையும் பார்க்கவில்லை, முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கசிந்த பாட்டில் முதல் சரணத்தோடு முடிந்துவிடும் அல்லவா, அவள் இரண்டாம் சரணத்தை எடுத்தாள். அந்த பஸ்ஸில் அதுவரை யாரும் கேட்டிராத சரணம். கடல் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லும் இடம் அது. ஆரம்பத்தில் குரல் நடுங்கியது. மணியம் அண்ணன் எட்டி இஞ்சினை அணைத்துவிட்டார். அதற்குப் பிறகு நடுக்கம் போய்விட்டது.

பாடி முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. சுமதிதான் முதலில் பேசினாள். "நானா ஒனக்கு சுருதி சொல்லிக் குடுத்தேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பஸ் முழுக்கச் சிரித்தது, கோமதியும் சிரித்தாள். செல்வம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து, "மறுபடியும் பாடு தங்கச்சி, நான் வீடியோ எடுக்கல," என்றார். இரண்டாம் தடவை நாற்பது கைப்பேசிகள் உயர்ந்தன. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

சுங்கை பாக்காப்பில் இறங்கியதும் கோமதி சொன்னாள். "நிலாவ எடுத்துடுங்கக்கா. என் பேரப் போடுங்க."

அது கேட்பதற்குத்தான் சின்ன வேலை. பாட்டு இணையத்தளங்களுக்கு நிலா பெயரில் அனுப்பிய முன்பதிவை எல்லாம் திரும்ப வாங்கி, புதுப் பெயரில் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அந்தத் தளங்களின் பாட்டுப் பட்டியல்களில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்திருந்ததெல்லாம் அதோடு போய்விடும். தேதியை மாற்றச் சொல்லும் பாடகர்களை நான் எப்படித் திட்டுவேன் என்று கேட்டிருப்பீர்கள். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றையும் திரும்ப வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் சரணத்தைப் பதிவு செய்தோம். வெளியீட்டு நாளான சனிக்கிழமைக்கு ஜோர்ஜ்டவுனில் அறிமுக நிகழ்ச்சிக்கு எடுத்திருந்த சின்ன மண்டபத்தை மட்டும் விடவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குள் பாட்டு தளங்களில் ஏறிவிடுமா என்பது முதல் நாள் சாயங்காலம் வரை தெரியாது. ஏறியது.

இதற்குள் பஸ் வீடியோ போகாத குழு இல்லை. சென்னைப் பாட்டு என்று அனுப்பியவர்களே, "நம்ம பிள்ள, நம்ம பாலம்" என்று எழுதி மறுபடி அனுப்பினார்கள். வானொலித் தயாரிப்பாளர் திரும்பக் கூப்பிட்டார், குரலில் தேன். அந்தப் பெண்ணை உடனே நேரலைக்கு அனுப்ப முடியுமா என்றார். "அதுக்கு ஷிப்ட் இருக்கு. அது லீவு நாளப் பாத்துட்டு நான் சொல்றேன்," என்றேன். இதைச் சொல்லும்போது நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சனிக்கிழமை மண்டபத்தில் அறுபது நாற்காலி போட்டிருந்தோம். நாலரைக்கு அதில் பாதிகூட நிறையவில்லை. ஐந்து மணிக்கு வாசலில் சத்தம். மணியம் அண்ணன் விடுமுறை நாளில் பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். சந்துக்குள் நுழைய முடியாமல் பெரிய ஜாலானில் நிறுத்திவிட்டு எல்லாரையும் நடத்திக் கூட்டி வந்தார். சுமதி புடவையில், செல்வம் வெள்ளை வேட்டியில், கேண்டீன் அக்கா ஒரு பெரிய டப்பா நிறையக் கறிபாப் பலகாரத்தோடு. அவர்களுக்குப் பின்னால் அடுத்த பஸ்காரர்கள். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள்.

பாடகரை நான்தான் அறிமுகம் செய்வேன், அது என் வழக்கம். இரண்டு பக்கம் எழுதிக்கூட வைத்திருந்தேன். மைக்கை எடுத்தவள் கோமதியிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "என் பேரு கோமதி. சுங்கை பாக்காப். மூணாவது லைன்ல வேல செய்றேன். இந்தப் பாட்டு என்னோடது," என்றாள்.

தாளம் ஆரம்பித்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் கூட்டம் பல்லவியை எடுத்துவிட்டது. பல்லவி முடிந்து முதல் சரணத்துக்குப் போனார்கள், ஒரு வார்த்தை பிசகவில்லை. எத்தனையோ வெளியீடுகளைப் பார்த்துவிட்டேன். பாட்டு வெளியாகும் அன்றே ஊர் அதை மனப்பாடமாகப் பாடியதை அன்று மட்டும்தான் பார்த்தேன். கோமதி மைக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, அவர்கள் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டு நின்றாள். முடித்து எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இரண்டாம் சரணத்திலிருந்து பாடத் தொடங்கினாள்.